டெக் கழுவி ஸ்டெயின் அடிக்க 650 டொலரும் கேட்கிறார்கள், 2,800 டொலரும் கேட்கிறார்கள். யாரை எடுப்பது?

ஏஜக்ஸ்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஏஜக்ஸில், 2001இல் கட்டியது. பின்பக்கம் 12 அடிக்கு 16 அடி டெக், அதாவது மரப்பலகைத் தளம், ஒன்று இருக்கிறது. நாங்கள் வாங்கும்போதே இருந்தது. வீடு கட்டிய அடுத்த வருடமே போட்டதாக முதல் சொந்தக்காரர் சொன்னார். சமையலறைக் கதவைத் திறந்தால் நேரே டெக்தான், புல்தரையில் இருந்து கிட்டத்தட்ட 4 அடி உயரம். மேலே அடித்திருந்த பழுப்பு ஸ்டெயின் (மரத்துக்கு அடிக்கிற நிறப்பூச்சு) தோல் தோலாக உரிகிறது. வேலியோரத்து நிழல் மூலை முழுக்கப் பச்சைப் பாசி, மழை பெய்தால் வழுக்குகிறது. ரெயிலிங்கைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது.

ஜூலையில் அக்கா குடும்பம் லண்டனில் இருந்து வருகிறது. அதற்குள் வடிவாக்கிவிட வேண்டும் என்று மூன்று பேரைக் கூப்பிட்டு விலை கேட்டேன். முதலாமவர் 650, காசாகத் தந்தால். பிரஷர் வாஷ் பண்ணி ஒரு கோட் அடிப்பாராம். இரண்டாமவர் 1,450, அதோடு எச்எஸ்ரி விற்பனை வரி. மூன்றாமவர் 2,800. பழைய ஸ்டெயினை எடுத்து, முழுப் பலகையையும் மெஷின் அரத்தாளால் தேய்த்து, இரண்டு கோட் அடிப்பாராம். மூன்று பேரும் பார்த்தது ஒரே டெக்கைத்தான். ஏன் இவ்வளவு வித்தியாசம்? ரெயிலிங்கை மாற்றவும், பக்கத்து வீட்டுப் பக்கமாக ஒரு மறைப்புப் போடவும் விருப்பம். தெரிந்த நல்ல ஆக்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

உளியும் சுத்தியலும் எழுதியது:

தங்கச்சி, நான் ஸ்காபரோவில் தச்சு வேலை செய்கிறவன். கழுவி ஸ்டெயின் அடிக்கிற வேலைகளை எடுப்பதில்லை, அதனால் எனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. முதலில் ஒரு கேள்வி: அந்த மூன்று பேரில் யாராவது டெக்குக்குக் கீழே குனிந்து பார்த்தார்களா? மேலே நின்று அடியால் அளந்து விலை சொன்னவர்கள் உங்கள் டெக்கைப் பார்க்கவில்லை, அதன் பரப்பளவை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

விலை வித்தியாசத்துக்குக் காரணம், மூன்றும் வேறு வேறு வேலை. நீங்கள் சொல்கிறபடி தோலாக உரிவது என்றால் அது பெயின்ட் மாதிரி மேலே படலமாக நிற்கிற சொலிட் ஸ்டெயின். கீழே இருந்து ஈரம் ஏறும்போது அந்தப் படலம் பலகையை விட்டுவிடும். உரிகிற படலத்துக்கு மேலே இன்னொரு கோட் அடித்தால் அடுத்த பனி முடியும்போது இரண்டும் சேர்ந்து உரியும். 650க்குச் செய்யப்போவது அதுதான். பழைய படலத்தை எடுத்துவிட்டு, பலகைக்குள் ஊறுகிற வகை ஸ்டெயின் அடிப்பதுதான் சரியான வழி. அது மினக்கெட்ட வேலை, அதனால் விலை கூடும்.

விலை எல்லாம் பிறகு. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பாருங்கள். வீட்டுச் சுவரோடு ஒட்டி நீளமாக ஒரு பலகை போகும், அதற்குப் பெயர் லெட்ஜர். டெக்கின் பாதிப் பாரம் அதில்தான் இருக்கிறது. கதவுக்கு நேர் கீழே, மழைத் தண்ணீர் அதிகமாக விழுகிற இடத்தில், ஸ்க்ரூ டிரைவர் நுனியைக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் என்றால் நுனி உள்ளே போகாது. சும்மா புகுந்தால், மரம் நாராகப் பிரியாமல் துண்டு துண்டாக உதிர்ந்தால், உள்ளே உக்கிவிட்டது என்று அர்த்தம். ஜொயிஸ்ட் (மேல் பலகையைக் கீழே தாங்குகிற குறுக்கு மரங்கள்) நுனிகளையும், ரெயிலிங் தூண்கள் கீழே பிடித்திருக்கிற இடங்களையும் இப்படியே பாருங்கள். லெட்ஜர் எதால் பிடிபட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள், ஆணியா போல்ட்டா என்று.

பிராம்ப்டன் தமிழச்சி எழுதியது:

அண்ணா சொல்வது முழுக்க உண்மை. பிரஷர் வாஷ் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் டெக் சீடர் மரம். போன வருஷம் மே மாதம் ஒருவர் கதவைத் தட்டி, "பக்கத்துத் தெருவில் வேலை செய்கிறோம், இன்றைக்கே முடித்துத் தருகிறோம்" என்று வந்தார். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார். கார் ஷெட் தரையைக் கழுவுகிற அதே வேகத்தில், ஒற்றைக் கோடாகப் பீய்ச்சுகிற முனையை வைத்து அடித்தார். அழுக்கு போனது, கூடவே மரத்தின் மென்மையான பாகமும் போனது. காய்ந்த பிறகு பலகை முழுவதும் பஞ்சு மாதிரி நார் எழும்பி நின்றது. என் சின்ன மகள் வெறுங்காலோடு ஓடி உள்ளங்காலில் சிலாம்பு ஏறி அழுதாள். சுவரின் வெளிப்பக்கத்தை மூடியிருக்கிற சைடிங்குக்குப் பின்னாலும் தண்ணீர் போய்விட்டது. அதற்குப் பிறகு போன் செய்தால் எடுப்பதே இல்லை.

பிறகு சரிசெய்ய வந்தவர் விளக்கினார். சீடர், பைன் மாதிரியான மெல்லிய மரத்துக்கு 500, 600 பிஎஸ்ஐ (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) போதுமாம். விசிறி மாதிரி விரிகிற 40 அல்லது 25 டிகிரி முனை, பலகையில் இருந்து ஓர் அடி தள்ளி, மர ரேகையோடு போக வேண்டும். அழுக்கை எடுப்பது கிளீனரும் பிரஷ்ஷும்தான், தண்ணீர் அதைக் கழுவி விட மட்டும்தான் என்றார். அவர் சோடியம் பர்கார்பனேட் கலந்த ஆக்ஸிஜன் ப்ளீச் பயன்படுத்தினார். துணி துவைக்கிற குளோரின் ப்ளீச்சை மரத்தில் ஊற்றவே கூடாது, அது மரத்தையும் அரிக்கும், பக்கத்துச் செடியையும் கொல்லும் என்றார். அப்புறம் ஆக்ஸாலிக் அமிலம் உள்ள ப்ரைட்னர் போட்டதும் கறுத்திருந்த பலகை பழைய நிறத்துக்கு வந்தது. பார்க்க ரொம்ப நன்றாக இருந்தது. காய இரண்டு நாள் விட்டுத்தான் ஸ்டெயின் அடித்தார்.

ஆள் எடுக்கும்போது "எவ்வளவு" என்று கேட்பதற்கு முன்னால் "எப்படிச் செய்வீர்கள்" என்று கேளுங்கள் அக்கா. எத்தனை பிஎஸ்ஐ, எந்த முனை, என்ன கிளீனர், காய எவ்வளவு நேரம், எந்த ஸ்டெயின், எத்தனை கோட். வேலை தெரிந்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

ரூஜ் ஆற்றங்கரை எழுதியது:

நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன். இவ்வளவு விசாரணை தேவையா? எங்கள் ஆக்களுக்குள்ளேயே நல்ல வேலைக்காரர் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோயிலில் கேட்டால் நாலு பேர் பெயர் சொல்வார்கள். காசாகக் கொடுத்தால் 13 வீதம் எச்எஸ்ரி மிச்சம். சொந்த பாஷையில் கதைக்கலாம், பிழை வந்தால் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். பெரிய கம்பனிக்காரர்களும் கடைசியில் வேலையை வேறு ஆளிடம்தான் கொடுக்கிறார்கள். என் டெக்கை எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவர்தான் செய்து தந்தார், இன்றைக்கும் கல்லு மாதிரி நிற்கிறது.

வரைபடம் எழுதியது:

ரூஜ் அண்ணா, எங்கள் ஆக்களிடம் கொடுப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். ஆனால் எழுத்து இல்லாமல் காசாகக் கொடுப்பதை ஆதரிக்க மாட்டேன். அது செய்கிறவருக்கும் நல்லதில்லை. ரசீது இல்லாவிட்டால் அந்த வேலை நடந்ததற்கே ஆதாரம் இல்லை. மூன்று வருடம் கழித்து ரெயிலிங் கழன்று யாராவது விழுந்தால், வீட்டுக் காப்புறுதிக்காரர் கேட்கிற முதல் கேள்வி யார் செய்தது, எப்போது செய்தது என்பதுதான். 13 வீதத்துக்காக அந்த நிலைமைக்குப் போக வேண்டாம். பிழை வந்தால் வீட்டுக்கே போய்க் கேட்கலாம் என்கிறீர்கள். ஒரே கோயிலுக்குப் போகிற இரண்டு குடும்பம் கதைக்காமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் எழுத்து இன்னும் தேவை, இல்லாவிட்டால் அந்த உறவு கெட்டுவிடும்.

ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிற இரண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒப்பந்தத்தில் மதிப்பீடு என்று ஒரு தொகை எழுதியிருந்தால், நீங்கள் புதிதாக ஒன்றுக்குச் சம்மதிக்காதவரை, அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்க முடியாது. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். பிராம்ப்டன் தங்கச்சி வீட்டுக்கு வந்தவர் "இன்றைக்கே முடிப்போம்" என்று அவசரப்பட்டாரே, அப்படி அவசரப்படுத்துகிறவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழையும் கேளுங்கள். காட்டுவார்கள். அதில் இருக்கிற புரோக்கரின் இலக்கத்துக்கு நீங்களே போன் பண்ணி, இன்னும் செல்லுபடியாகிறதா என்று கேளுங்கள். டபிள்யூஎஸ்ஐபி, அதாவது வேலையில் காயப்படுகிறவர்களுக்கான மாகாணக் காப்புறுதி, அந்த விஷயம் கொஞ்சம் சிக்கல். 2013இல் இருந்து கட்டட வேலைக்காரர்களுக்கு அது கட்டாயம், ஆனால் வீட்டுக்காரர் நேரடியாகக் கூப்பிடுகிற வீட்டுத் திருத்த வேலை மட்டுமே செய்கிற தனி ஆளுக்கு விலக்கு இருக்கிறது. கீழே வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அவர்களுக்கு அது வேண்டும். அதனால் தனியாக வருகிறவரிடம் சான்றிதழ் இல்லை என்பதற்காக அவரைக் கள்ளன் என்று நினைக்காதீர்கள். மூன்று பேரோடு வந்து இறங்கினால் கட்டாயம் கேளுங்கள்.

ஏஜக்ஸ் தங்கச்சி, நான் கட்டட அனுமதிக்கு வரைபடம் போடுகிற வேலையில் இருக்கிறேன். கழுவவும் ஸ்டெயின் அடிக்கவும் அனுமதி தேவையில்லை. ஆனால் ரெயிலிங் என்று சொன்னீர்களே, அதில் விதி இருக்கிறது. டெக் தரையில் இருந்து 60 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் ரெயிலிங் கட்டாயம். உங்கள் 4 அடிக்குக் குறைந்தது 900 மில்லிமீட்டர் உயரம். 1.8 மீட்டருக்கு மேலான டெக் என்றால் 1,070. கம்பிகளுக்கு நடுவில் 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடக்கூடாது, குழந்தையின் தலை புகக்கூடாது என்பதற்காக. படி மாதிரிக் கால் வைத்து ஏறக்கூடிய அமைப்பும் நல்லதில்லை. இப்போது எல்லோரும் இணையத்தில் பார்த்துவிட்டுக் கிடையாகப் பலகை அடித்த மறைப்புக் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது ஏணிதான். நெடுக்காக அடிக்கச் சொல்லுங்கள்.

ஏஜக்ஸ்காரி எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. அண்ணா சொன்னபடி நானும் கணவரும் டோர்ச் லைட்டோடு கீழே போனோம். மூன்று பேரில் ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஜொயிஸ்ட் எல்லாம் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவுக்குக் கீழே லெட்ஜரில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை போய்விட்டது. உள்ளே மரம் ஈரத் தேயிலைத் தூள் மாதிரி வருகிறது. அந்த இடத்தில் மேலே தண்ணீர் புகாமல் மூடுகிற தகடு ஒன்றும் இல்லை, பலகைக்கும் செங்கல்லுக்கும் நடுவில் மண்ணும் இலையும் அடைந்திருக்கிறது. போல்ட் எங்கேயும் இல்லை, ஆணித் தலைகள்தான் தெரிகின்றன, ஒன்றிரண்டு துருப்பிடித்து வெளியே வந்திருக்கின்றன. சுவர் செங்கல். ரெயிலிங் தூண்களில் இரண்டு அடிப்பாகத்தில் உக்கியிருக்கின்றன.

போன வருடம் மகனின் பிறந்தநாளுக்கு இதே டெக்கில் இருபது பேருக்கு மேல் நின்று சாப்பிட்டார்கள். நினைத்தால் கை நடுங்குகிறது. இதைச் சும்மா திருத்த முடியுமா?

உளியும் சுத்தியலும் எழுதியது:

தங்கச்சி, இனிமேல் அந்த டெக்கில் ஆக்களைக் கூட்டமாக நிற்க விடாதீர்கள். இன்றைக்கே கதவைப் பூட்டி, பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். டெக் இடிந்து விழுகிற செய்திகளில் அனேகமாக அறுகிறது இந்த லெட்ஜர்தான், அதுவும் ஆணியால் மட்டும் பிடித்தது. மெல்லமாகச் சரிவதில்லை, ஒரேயடியாகச் சுவரில் இருந்து கழன்று விழும்.

இன்னொரு விஷயம். எங்கள் பக்கத்து வீடுகளில் வெளியே தெரிகிற செங்கல் பாரம் தாங்குகிற சுவர் இல்லை, உள்ளே இருக்கிற மரச் சட்டத்துக்கு வெளியே போர்த்திய ஒற்றை வரிசைச் செங்கல். டெக்கின் பாரத்தை அதில் தூக்கக் கூடாது. பழைய லெட்ஜரைக் கழற்றிவிட்டுப் புதியதை அதே செங்கல்லில் போல்ட் போடுகிறேன் என்று எவராவது சொன்னால், நன்றி சொல்லி அனுப்புங்கள். சுவருக்குக் கிட்ட ஒரு பீமும் அதற்குத் தனிக் கால்களும் போட்டு, டெக்கை வீட்டில் சாயாமல் தானாக நிற்க வைக்க வேண்டும். ஜொயிஸ்ட் நல்லதாக இருப்பதால் அது செய்யக்கூடிய வேலைதான்.

அடுத்தது மரம். வீடு 2001, டெக் 2002 என்றீர்கள். அந்தக் காலத்து பச்சை கலந்த பிரஷர் ட்ரீட்டட் மரம் (உக்காமல் இருக்க மருந்தேற்றிய மரம்) அனேகமாக சிசிஏ. குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றையும் மரத்துக்குள் ஏற்றியது. 2003 டிசம்பர் 31ஓடு வீட்டுப் பாவனைக்கு அப்படி மரம் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அதற்காகப் பயந்து ஓடத் தேவையில்லை. ஆனால் அதை மெஷினால் தேய்த்தால் ஆர்சனிக் தூசு பறக்கும். 2,800 கேட்டவர் செய்யப்போன வேலை அதுதான். வருடத்தைக்கூடக் கேட்காமல் அவர் அரத்தாள் போடுகிறேன் என்றது எனக்குச் சரியான கவலை. சிசிஏ மரத்துக்கு பிராம்ப்டன் தங்கச்சி சொன்ன பர்கார்பனேட்டும் ப்ரைட்னரும்கூட வேண்டாம், அவை உள்ளே இருக்கிறதைக் கிளறிவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். வெட்டிய துண்டுகளைப் பின்வளவு நெருப்புக் குழியில் எரிக்கவே கூடாது, புகையும் சாம்பலும் நஞ்சு. ஜொயிஸ்டை வெட்டும்போது மாஸ்க், கீழே தறப்பாள், வெட்டித் தூளைக் கூட்டி அள்ளிவிட வேண்டும்.

என் யோசனை: இந்தப் பலகைகளைக் கழுவுவதற்குக் காசு செலவழிக்காதீர்கள். அடி மரச் சட்டத்தை வைத்துக்கொண்டு பீம், மேல் பலகை, ரெயிலிங் மூன்றையும் புதிதாகப் போடுங்கள்.

ரூஜ் ஆற்றங்கரை எழுதியது:

தங்கச்சி எழுதியதை வாசித்த பிறகு நானும் என் டெக்கின் கீழே பார்த்தேன். எங்கள் பெடியன் போல்ட் போட்டிருக்கிறார், தகடும் வைத்திருக்கிறார், நல்லபடி இருக்கிறது. எங்கள் ஆக்களை எடுங்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ரசீது வாங்குங்கள் என்று வரைபடம் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

பிராம்ப்டன் தமிழச்சி எழுதியது:

அக்கா, படித்ததும் மனசு பதறிவிட்டது. நல்ல வேளை, அக்கா குடும்பம் வருவதற்கு முன்பே தெரிந்தது. மேல் பலகை புதிதாகப் போடுவதென்றால் காம்போசிட் (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போடலாமா? எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் ட்ரெக்ஸ் என்ற காம்போசிட் பிராண்ட் போட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் ஸ்டெயின் தொல்லை இல்லை என்கிறார்கள்.

உளியும் சுத்தியலும் எழுதியது:

காம்போசிட் நல்ல சாமான்தான், நானும் போட்டுக் கொடுக்கிறேன். ஸ்டெயின் தேவையில்லை, சிலாம்பு வராது. கழுவவே தேவையில்லை என்று விற்கிறார்களே, அதை நம்ப வேண்டாம். மகரந்தமும் இலைச் சாறும் மேலே படிந்து பாசி பிடிக்கும், வருடத்துக்கு ஒரு தரமாவது சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். கடும் நிறத்தில் போட்டால் ஜூலை வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாது. மரத்தைவிட வளையும், அதனால் ஜொயிஸ்ட் இடைவெளி நடுவுக்கு நடு 16 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, சரிவாகப் பலகை போட்டால் 12. ஏஜக்ஸ் தங்கச்சி அதை அளந்து பார்க்க வேண்டும். பழைய டெக்குகளில் 24 அங்குலமும் பார்த்திருக்கிறேன். உற்பத்தியாளர் சொன்ன முறைப்படி போடாவிட்டால் உத்தரவாதம் செல்லாது, அதனால் அந்த பிராண்டைப் போட்டுப் பழகிய ஆளைத்தான் எடுக்க வேண்டும்.

செலவு முக்கியம் என்றால் புதிய பிரஷர் ட்ரீட்டட் பலகை போதும். இப்போது வருவதில் ஆர்சனிக் இல்லை, செம்பு இருக்கிறது. அந்தச் செம்பு சாதாரண ஸ்க்ரூவை அரித்துவிடும். ஹொட் டிப் கல்வனைஸ்ட், இல்லாவிட்டால் ட்ரீட்டட் மரத்துக்கென்று பூச்சுப் போட்டது, இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எது போடுகிறார் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இதில் மிச்சம் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர், ஐந்தாறு வருடம் போன பிறகுதான் தெரியவரும்.

பழைய ஸ்காபரோ எழுதியது:

பிள்ளைகள் நன்றாகக் கதைக்கிறீர்கள். நான் இந்த நாட்டுக்கு 1986இல் வந்தவன். ஆள் தேடும்போது நான் செய்கிற ஒரு காரியம் சொல்கிறேன். போன மாதம் முடித்த டெக்கின் படத்தைக் காட்டினால் நான் பார்ப்பதில்லை. புது டெக் எல்லாமே வடிவுதான். மூன்று பனிக்காலம் கண்ட டெக் ஒன்றின் விலாசம் கேட்பேன், போய் அந்த வீட்டுக்காரரோடு கதைப்பேன். கதவுக்கு முன்னால் தட்டுகிறதா, படி இறங்கியிருக்கிறதா, கூப்பிட்டபோது திரும்பி வந்தாரா. விலாசம் தரத் தயங்குகிறவரை விட்டுவிடுவேன்.

அதோடு மே, ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். நல்ல ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் அவசரமாகச் செய்வார். லண்டன் ஆக்களைப் புல்லில் கதிரை போட்டு இருத்துங்கள் மகள். வேலையை ஆகஸ்ட் கடைசி, செப்டம்பருக்கு வையுங்கள். வெயிலும் தணிந்திருக்கும், வேலைக்காரரும் நிதானமாக இருப்பார்கள்.

டெக்கில் மீன் பொரிக்கிறவர்களுக்கும் ஒரு சொல். எண்ணெய் தெறித்த இடத்தில் ஸ்டெயின் பிடிக்காது, திட்டுத் திட்டாக நிற்கும். அடுப்புக்குக் கீழே பாய் போடுங்கள், அதைவிட நல்லது கல் பதித்த தரையில் வைத்துப் பொரிப்பது. கொதிக்கிற எண்ணெயும் மரத் தரையும் கிட்ட இருக்கக் கூடாது. கறிவேப்பிலைத் தொட்டியை நேரே பலகையில் வைக்காமல் கீழே கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் வட்டமாக உக்கும். பனி அள்ளுவதற்கு பிளாஸ்டிக் சவள், பலகை ஓடுகிற திசையில்.

வரைபடம் எழுதியது:

ஐயா சொன்னபடி செப்டம்பருக்கு வைப்பதில் இன்னொரு நன்மை, அனுமதிக்கு நேரம் கிடைக்கும். பீமும் கால்களும் புதிதாக வருவதால் இது இனிக் கட்டமைப்பு வேலை. ஏஜக்ஸ் நகரசபைக் கட்டடப் பிரிவில் அனுமதி எடுங்கள். "அனுமதி தேவையில்லை, சும்மா காலம் போகும்" என்று கன்ட்ராக்டர் சொன்னால் அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள், அனேகமாகத் தர மாட்டார். அனுமதி எடுத்தால் நகரசபைப் பரிசோதகர் வந்து அத்திவாரத்தையும் மரச் சட்டத்தையும் பார்ப்பார். உங்கள் பக்கம் நின்று பார்க்கிற ஒரு சோடிக் கண் அது.

அத்திவாரம் 4 அடி ஆழம் போக வேண்டும், 1.2 மீட்டர். அதற்கு மேலே நிலத்தில் இருக்கிற தண்ணீர் குளிரில் உறைந்து காலைத் தூக்கிவிடும், இளகும்போது ஒரு பக்கம் கீழே இறங்கும். கொங்கிரீட் ஊற்றலாம், அல்லது நிலத்துக்குள் திருகி இறக்குகிற ஹெலிக்கல் பைல் போடலாம். உங்கள் டெக்குக்குக் கீழே குழி தோண்டுவது கஷ்டம், கொங்கிரீட் என்றால் சுவரோரம் கொஞ்சப் பலகையைக் கழற்றித்தான் தோண்ட வேண்டும். எப்படியும் மாற்றுகிற பலகைதான், அதனால் நட்டமில்லை. இரண்டில் எதுவென்றாலும் தோண்ட முன் ஒன்ராறியோ வன் கோலில் பதிய வேண்டும், சட்டப்படி கட்டாயம், காசு இல்லை. காஸ், மின்சாரக் குழாய் எங்கே போகிறது என்று வந்து கொடி நட்டுவிட்டுப் போவார்கள். குறைந்தது 5 வேலை நாளுக்கு முன் பதியச் சொல்லி கன்ட்ராக்டரிடம் டிக்கெட் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

காசு கொடுக்கிற விதம்: தொடக்கத்தில் 10 வீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மரம் வீட்டு வாசலில் இறங்கியதும் ஒரு பங்கு, மரச் சட்டம் பரிசோதனையில் தேறியதும் ஒரு பங்கு, முடிந்ததும் மிச்சம். ஒன்ராறியோ கட்டுமானச் சட்டப்படி 10 வீதத்தை நீங்கள் பிடித்து வைக்க வேண்டும். கன்ட்ராக்டர் மரக்கடைக்குக் காசு கட்டாவிட்டால் அந்தக் கடை உங்கள் வீட்டின் மேல் உரிமை கோரலாம், அதற்கான காலம் 60 நாள். அந்தக் காலம் தாண்டிய பிறகு கொடுங்கள். எங்கள் ஆக்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். நேர்மையான கன்ட்ராக்டருக்கு இது பழகிய விஷயம், கோபிக்க மாட்டார்.

ஏஜக்ஸ்காரி எழுதியது:

வணக்கம், திரும்பி வந்திருக்கிறேன். ஐயா சொன்னபடி லண்டன் ஆக்களைப் புல்லில் கூடாரம் அடித்து இருத்தினோம், ஒருவருக்கும் குறை இல்லை. டெக் கதவு இன்னும் பூட்டுத்தான்.

இந்த முறை போனிலேயே "எங்கள் டெக்குக்குக் கீழே பார்த்துவிட்டு விலை சொல்வீர்களா" என்று கேட்டேன். இரண்டு பேர் தேவையில்லை என்றார்கள், அவர்களை வரச் சொல்லவில்லை. பிக்கறிங்கில் இருந்து வந்தவர் காரில் இருந்தே முழங்கால் பட்டையும் லைட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். கீழே போய் நீண்ட நேரம் இருந்தார். ஜொயிஸ்ட் இடைவெளி 16 அங்குலம் என்று அவரே அளந்து சொன்னார், எந்த வருடத்து டெக் என்று அவரே கேட்டார். விலையைத் தனித்தனியாக எழுதித் தந்தார்: ஹெலிக்கல் பைலும் பீமும், மேல் பலகை, ரெயிலிங், பழைய மரத்தை ஏற்றிக்கொண்டு போவது, அனுமதிக் கட்டணம். அவர் தமிழர் இல்லை, போர்த்துக்கல்காரர். நாலு பனிக்காலம் கண்ட டெக் ஒன்றைக் காட்டினார், போய்ப் பார்த்தோம், அந்த வீட்டு அம்மா நல்லதாகச் சொன்னார். 10 வீதம் பிடிப்போம் என்றதும் தலையாட்டினார், ஒப்பந்தத்தில் ஏற்கனவே அப்படித்தான் இருந்தது. நாங்கள் முதலில் நினைத்ததைவிடப் பெரிய தொகைதான். மறைப்பை அடுத்த வருடத்துக்கு விட்டுவிட்டோம்.

பலகை பிரஷர் ட்ரீட்டட். ஸ்டெயினை நாங்களே அடித்துச் செலவைக் குறைக்கலாம் என்று யோசிக்கிறோம். உடனே அடிக்கலாமா?

உளியும் சுத்தியலும் எழுதியது:

நல்ல ஆள் பிடித்திருக்கிறீர்கள், சந்தோஷம்.

உடனே அடிக்க வேண்டாம். புதுப் பலகை உள்ளே ஈரமாக வரும். பல இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக நின்றால் இன்னும் காயவில்லை, சில நிமிடத்தில் உறிஞ்சினால் தயார். செப்டம்பரில் போட்டால் அனேகமாக அடுத்த வசந்தத்துக்குத்தான் சரிவரும், ஒரு பனிக்காலம் வெறுமனே இருந்தால் பலகைக்கு ஒன்றும் ஆகாது. மே மாதம் மெல்லக் கழுவி, இரண்டு நாள் காய விட்டு, இரவிலும் 10 பாகைக்குக் கீழே போகாத நாளாகப் பார்த்து அடியுங்கள். பட்டப்பகல் வெயிலில் வேண்டாம், ஊற முன் மேலே காய்ந்துவிடும். ஊறுகிற வகை ஸ்டெயின், மெல்லிசாக, பலகை குடிக்கிற அளவுக்கு மட்டும். மேலே தேங்கி நின்றால் துணியால் துடைத்துவிடுங்கள்.

அந்தத் துணிகளைக் கசக்கிக் குப்பைப் பையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் ஸ்டெயின் ஊறிய துணி காயும்போது தானாகவே சூடேறி, குவியலாகக் கிடந்தால் தீப்பிடிக்கும். கராஜில் அப்படி எரிந்த வீடுகள் இருக்கின்றன. டிரைவ்வேயில் ஒவ்வொன்றாக விரித்து, பறக்காமல் கல் வைத்து, விறைப்பாகக் காய்ந்த பிறகு எடுங்கள். இல்லாவிட்டால் மூடியுள்ள தகர வாளியில் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, நகரசபையின் அபாயக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.